இறங்கிய இடம்

அக்கா சினேகாவின் தாலியை மலையில் முருகன் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு, பஞ்சாட்சரம் மாமாவும் நானும் சீரியல் விளக்கு எரிந்த மண்டபத்துக்குள் ஓடினோம். மேடையை வீடியோக்காரர்கள் மறைத்திருந்தார்கள். சுற்றிலும் தெரியாத முகங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஐயர் கேக்கட்டும், குடுக்கலாம்” என்று உட்கார்ந்த மாமா, செல்போனில் செய்தி பார்த்து முகம் சுளித்தார்.

“சீ! பைலட்டு வேற ஏர்போர்ட்ல பிளைட்ட எறக்கிக்கீறான் பாரு நைனா. வெளக்கு வரிசையா எரிஞ்சா போதுமா? எந்த ஊர்னு பாக்க வேணாம்? துப்புகெட்டவனுங்க!”

“ரெண்டும் ஒரே மாதிரி இருந்திருக்கும் மாமா.”

“ஆங், அப்ப கண்ணு எதுக்குடா கீது?”

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள்; நாங்களும் தூவினோம். மேடையில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்தார்.

மாமா மெதுவாகப் பையைத் திறந்து பார்த்தார். அக்காவின் தாலி உள்ளேயே இருந்தது.