நத்தை போட்ட கோடு

மழை விட்ட காலையில் குளக்கரை முழுக்க வெள்ளிக் கோடுகள் மின்னின. எல்லாம் நத்தை ஊர்ந்து ஊர்ந்து போட்ட தொகுதி எல்லைகள். தொகுதிக்கு ஓர் ஓட்டு. அதிக ஓட்டு வாங்குகிறவர்தான் குளத்துக்குத் தலைவர். கோடையில் தண்ணீர் வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சும்போது, அது யாருக்கு என்று சொல்வதும் அவரே.

தவளை வாயைப் பிளந்தபடி பார்த்தது. எவ்வளவு அழகான கோடு! பாசிக்கல்லைச் சுற்றி வளைந்து, நாணலுக்குள் நுழைந்து, குளத்துத் தவளைகள் அத்தனை பேரையும் ஒரே தொகுதிக்குள் அணைத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் நின்ற நான்கு கொக்குகளுக்கும் ஆளுக்கொரு தொகுதி.

"என்ன ஒரு நேர்த்தி, நத்தையண்ணே! எல்லைக் குழுவுக்கு உங்களை நியமிச்சது யாரு?"

"தலைவர்தான். நம்ம கொக்கய்யா."

"குழுவுல எங்காளு ஒருத்தரையும் சேர்த்திருக்கலாமே?"

"நானும் கேட்டேன். தவளை குதிச்சுக் குதிச்சுப் போகும், கோடு விட்டு விட்டு விழும்னுட்டார்."

தவளை யோசித்துப் பார்த்தது. மறுக்க முடியவில்லை.

"அடேயப்பா, எவ்வளவு விவரமானவர்! அவரைத் தலைவராக்கினது யாரு அண்ணே?"

நத்தை கொம்பு இரண்டையும் நிமிர்த்தியது.

"போன தடவை நான் போட்ட கோடு."

தவளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்பேர்ப்பட்ட கோட்டை மிதித்துவிடக் கூடாதே என்று, மெல்லப் பின்னால் நகர்ந்து தன் தொகுதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.