குமிழ் இல்லாத ரேடியோ

“ரேடியோண்டா திருகுறதுக்கு ஒரு குமிழாவது ஈக்கணுமே மச்சான். இதுல ஒண்டையும் காணல்லையே?”

றினாஸுக்குச் சந்தேகம். தோஹாவிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான்.

“குமிழெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள ஈக்குடா. பெட்டி வெறும் காது. மூளை இங்க” என்று ஜௌபர் திரையைத் தட்டிக் காட்டினார்.

பதுளை பஸாரில் இருபது வருடமாக ரேடியோ திருத்துகிறவர் ஜௌபர். லைசன்ஸ் எடுத்து, வீட்டிலிருந்தபடியே உலகத்து ஆட்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரரும்கூட. இந்த மாதிரிப் பெட்டிக்காக மூன்று வருடம் ஏங்கியிருக்கிறார். வீடு தேடி வந்தும் அது இன்னும் அவருடையதாகவில்லை.

“நான் பின்னேர ரயிலுக்குப் போறதுக்குள்ள வெளிநாட்டுக்காரன் ஒருத்தனாவது பதில் செல்லணும். இல்லாட்டி பெட்டி என்னோடயே திரும்புது. கடைக்காரன் ஒரு மாசத்துக்குள்ள எண்டாத்தான் எடுப்பான்” என்று மச்சினன் கறாராகச் சொல்லிவிட்டான்.

தேத்தண்ணிக் கோப்பையை வைத்த மனைவி பலீலா சும்மா போகவில்லை.

“எங்க வாப்பா பண்டாரவளை தபால் கந்தோர்ல ஒத்த விரலால தட்டியே ஊரெல்லாம் பேசினார். அந்தப் பித்தளைத் தந்திக் கட்டைய சீதனத்தோட சேத்துத் தந்தாரே, ஒரு நாளாவது தொட்டீங்களா?”

“தந்தியெல்லாம் மவுத்தாகி எத்தன காலம். பரீட்சைக்குப் படிச்சதே மறந்து போச்சு. நீ சும்மா இரி பலீலா.”

“இரிக்கிறேன், இரிக்கிறேன். ஒங்கட பழைய செட்டுல ஒரு சாண் தூசி. பின்அறையக் கூட்டிட்டு வாறேன்” என்று விளக்குமாறோடு நடந்தாள்.

புதுச் செட்டை எடுத்த எடுப்பில் ஏரியலில் கொடுக்கிற ஆள் இல்லை ஜௌபர். முதலில் எண்ணெய் டின்னில்தான் கொடுப்பார். அனுப்புகிற அலையெல்லாம் அந்த டின்னுக்குள்ளேயே சூடாகி அடங்கிவிடும், வீட்டு மதிலைத் தாண்டாது. எல்லாம் சரியாக வேலை செய்வதைப் பார்த்து அவர் வாய் நிறையச் சிரித்த நேரம், கடையிலிருந்து போன். யாருடையதோ டீவியில் படம் ஓடுதாம், சத்தம் வரவில்லையாம். அந்தப் பஞ்சாயத்தை முடித்துவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி மைக்கை எடுத்தார்.

“சீ-கியூ, சீ-கியூ.” உலகத்தில் யாராவது கேட்கிறீர்களா என்கிற அழைப்பு அது.

யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரமும் போனது. திரை நீலமாகவே கிடந்தது.

“பாத்தியா றினாஸ், துளி இரைச்சல் ஈக்கா? பழைய செட் எண்டா இந்நேரம் அப்பளம் பொரிக்கிற மாதிரிக் கத்தும். இதுதான் புதுக் காலத்துச் சாமான்.”

“இரைச்சலும் இல்ல, ஆளும் இல்ல மச்சான்” என்ற றினாஸ், கட்டிலுக்கடியில் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்தான்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. அவன் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். ஜௌபருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார்.

திரையில் பளீரென்று ஒரு மஞ்சள் கோடு எழுந்தது. பேச்சு இல்லை, தந்தி ஓசை. டிக் டிக்கென்று வந்ததைக் கம்ப்யூட்டர் எழுத்தெழுத்தாக்கித் திரையில் போட்டது.

“பிரேசில்டா. நம்ம ஜோர்ஜிடா. தொண்ணூத்தேழுல என்னோட பேசினதுக்கு அத்தாட்சியா கார்டு அனுப்பினவன். பின்அறைச் சுவர்ல அந்தக் கார்டு இன்னும் ஈக்கு.”

“என்ன செல்றான்?”

ஜௌபர் தமிழாக்கி வாசித்தார். “ஒங்க சத்தம் படு தெளிவு. பக்கத்து அறையில இருந்து பேசுற மாதிரிக் கேக்குது. நல்ல செட், கைவிட்டுறாதீங்க.”

றினாஸ் சுருட்டிய வயரைத் திரும்ப விரித்தான். “பிரேசில்ல பக்கத்து அறை மாதிரியா? அப்ப வெச்சிக்கங்க மச்சான். இது ஒங்களுக்குத்தான்.”

பலீலா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்று தம்பிக்கு இடியப்பப் பார்சலைக் கொடுத்தாள்.

மச்சினனை ரயிலேற்றிவிட்டு, ஜௌபர் வழி நெடுக முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மேசைக்குப் போனார். ஜோர்ஜியை இன்னொரு தடவை பிடிக்க வேண்டும். கீழே விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

புதுப் பெட்டியிலிருந்து இறங்கிய வயர் இன்னும் அந்த எண்ணெய் டின்னில்தான் செருகியிருந்தது.

டின்னுக்குள் கத்தியது பிரேசிலுக்கு எப்படிக் கேட்கும்?

ஏரியல் இல்லாத பெட்டிக்கு மிகப் பக்கத்தில் அடிக்கிற தந்திதான் எட்டும். பின்அறைக்கு ஓடினார். ஏரியல் வயர் பழைய செட்டிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தார், செட் சுட்டது. பக்கத்தில் மாமனாரின் பித்தளைத் தந்திக் கட்டை. அதன் மேல், சுவரிலிருந்து கழற்றிய ஜோர்ஜியின் கார்டு.

வாசலில் பலீலா நின்றாள்.

“அறையக் கூட்டக்குள்ளேயே கண்டேன், ஏரியல் இதுலதான் ஈக்குண்டு. அதச் செல்லி, அவனுக்கு முன்னால ஒங்க மானத்த வாங்கவா?” என்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “பேர் மட்டும்தான் ஜோர்ஜி, தட்டினது வாப்பா பழக்கின விரல். பக்கத்து அறைண்டு உண்மையத்தானே அனுப்பினேன்?”