கேட் பாஸ்

“உனக்கெல்லாம் வெக்கமா இல்லையாண்ணா?”

கோர்ட் வராந்தாவில் தம்பி போட்ட சத்தத்தில் ஊர் ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இருபது வருஷம் ஆலையின் கழிவு வால்வைத் திறந்து மூடிய அண்ணன், இன்று கம்பெனி வாங்கிக் கொடுத்த சட்டையில் கம்பெனி வக்கீல் பக்கத்திலேயே நின்றான்.

“அந்த விஷத்தண்ணியில செத்தவங்கள்ல உன் பொண்ணும் ஒருத்தி. அவளைப் புதைக்கிற அன்னிக்குக்கூட நீ வரலை. வேலைதான் பெருசுன்னு ஆலைக்குள்ளயே கிடந்தே. மண்ணு தள்ளினது நான். இப்போ அவங்களுக்கே சாட்சி சொல்ல வந்துட்டே!”

“கோபப்படாதீங்க சார்” என்று வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கத் தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலையை நடத்திய உள்ளூர்க் கம்பெனி போன வருஷமே திவால். கடல் தாண்டி இருக்கும் தலைமைக் கம்பெனியோ கையை விரித்துவிட்டது. ‘அங்கே நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது, எங்கள் கட்டுப்பாட்டிலும் இல்லை.’ அதை நீதிபதி நம்பிவிட்டால், நஷ்டஈடு கேட்டு வந்த ஊருக்கு நாமம்தான்.

அண்ணன் கூண்டில் ஏறினான்.

“தலைமை ஆபீஸ் உங்க ஆலை விஷயத்துல என்னிக்காவது தலையிட்டிருக்கா?” என்று கேட்டார் வக்கீல். பதிலோடு முன்பே சொல்லிக்கொடுத்திருந்த கேள்விதான்.

“ஷிப்ட் நடுவுல வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணுங்கய்யா. அதுக்குத் தலைமை ஆபீஸ்லதான் கையெழுத்துப் போடணும். ஃபேக்ஸ்ல போய் ஃபேக்ஸ்ல வரும். வரலைன்னா கேட்டைத் திறக்க மாட்டாங்க.”

வக்கீலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “நான் அதைக் கேக்கலையே...”

“முன்னாடியே சொல்லியிருந்தா என்னை இந்தக் கூண்டுல ஏத்தியிருக்க மாட்டீங்களே சார்.”

புதுச் சட்டைப் பையிலிருந்து, நான்காக மடித்த பழைய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். தம்பியை அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. நீதிபதி உரக்கப் படித்தார்.

“வெளியே செல்லக் காரணம்: நம் ஆலைக் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்து என் மகள் இறந்துவிட்டாள். அடக்கம் செய்யப் போக வேண்டும்.”

அதன் கீழே தலைமை ஆபீஸின் முத்திரை, கையெழுத்து, இரண்டே வார்த்தை: ‘அனுமதி இல்லை.’