பத்துக்குப் பன்னிரண்டு

"பத்தடிக்குப் பன்னெண்டடி அறை. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ். தரைக்கு எத்தனை வேணும்? படிப்படியா போடு, அவசரப்படாதே."

என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மனைவி மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டைல்ஸ் ஒட்டுவதுதான் என் தொழில். மூளையில் ரத்தக்குழாய் அடைக்கும்வரை.

இப்போது என் சொல்லைக் கேட்பவை இமைகள் மட்டும்தான். அவையும் தானாக மூடித் திறக்கின்றன என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே ஆள் இல்லையாம்.

விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தேன். கூடத்தில் அண்ணன் போனில் பேசுவது கேட்டது. பராமரிப்பு இல்லத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாம். "எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பொண்ணு ஒரு மரக்கட்டையைக் கட்டிக்கிட்டு அழும்?"

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முதல் படி," என்றாள் மனைவி. "நாலு பக்கத்தையும் கூட்டு. நாப்பத்து நாலு."

தூக்கிவாரிப்போட்டது. போட்டிருக்க வேண்டும். உடம்பு அப்படியே கிடந்தது.

கூட்டாதேடி! கூட்டினால் சுவரோரப் பட்டைக்குத்தான் ஆகும், தரைக்கு ஆகாது. பெருக்கு!

இவளா தப்பாகச் சொல்கிறாள்? தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ட்யூஷன் எடுப்பவள். இவள் வீட்டுக்குத் தரை போடப் போன அன்று, என் எதிரிலேயே கணக்குப் போட்டு, ஒன்றுகூடத் தப்பாது என்று மார்தட்டினாள். "உடைசலுக்குப் பத்துக்கு ஒன்னு சேத்துக்கணும் டீச்சர்" என்றேன். முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

கல்யாணமான பிறகும் எனக்கு அவள் டீச்சர்தான்.

என்னைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய்விட்டாளோ?

"நாலு பக்கத்தையும் கூட்டு," மறுபடியும் சொன்னாள்.

தாங்க முடியாமல் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"சரி, அதை அழிச்சிடு. பத்தையும் பன்னெண்டையும் பெருக்கு. நூத்தி இருபது."

திறந்தேன்.

"ஒரு டைல்ஸ் நாலு சதுர அடி. அதனால நூத்தி இருபதை ரெண்டால வகுத்தா..."

மூடினேன்.

"இல்லல்ல. நாலால வகுத்தா, முப்பது."

திறந்தேன்.

"அம்மா," மகளின் குரல் கிசுகிசுத்தது. "தப்பு சொன்னா மட்டும்தான் அப்பா மூடுறாரு."

இரண்டு முகங்கள் என்மேல் குனிந்தன. இருவர் கையிலும் புத்தகமும் இல்லை, பேனாவும் இல்லை.

"மாமா! ஓடி வாங்க!" என்று மனைவி என் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வண்டி தெருமுனைக்கு வந்திருச்சு."

"வரட்டும். இது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரிஞ்ச கணக்கு. நீங்க இவர் கண்ணை மட்டும் பாருங்க."

வாசலில் ஹாரன் ஒலித்தது. அவள் என் கன்னத்தில் கை வைத்தாள்.

"தரைக்கு முப்பது ஆச்சு. உடைசலுக்கு எத்தனைங்க? சரியான எண்ணு வந்ததும் கண்ணை மூடுங்க. ஒன்னு..."

கண் எரிந்தது. நீர் முட்டியது.

"ரெண்டு..."

இமைக்காமல் காத்திருந்தேன்.