பந்தக்காரனின் முறை

கஹவத்தைத் தோட்டத்து வாசிகசாலையின் தகரக் கூரையில் ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டுகிறது. மேசையில் விரித்த வரைபடத்தில் ரப்பர் கொட்டைகள்தான் வீரர்கள். விளையாட்டை நடத்தும் இருதயராஜ், சுதர்ஷினியின் தளபதியை அரக்கன் சாய்த்துவிட்டதாக அறிவிக்கிறான். அவள் பக்கம் மிஞ்சியிருப்பவன், பந்தம் பிடித்துப் பின்னால் வந்த வேலையாள் மட்டும்தான். "அவன் ஓடிருவான்," என்கிறான் கூட விளையாடும் சசி. "ஓட மாட்டான். கெடச்ச பொதையல்ல எல்லாம் அவனுக்கும் சமபங்கு குடுத்திருக்கேன். பந்தத்தாலேயே அடிப்பான்." இருதயராஜ் விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறான். "அரக்கன் மேல அடி படணும்னா பதினெட்டுக்கு மேல விழணும்." இருபது முகப் பகடையை அவள் உருட்டுகிறாள். அது மேசை விளிம்புவரை ஓடித் தயங்கி நிற்கிறது. பத்தொன்பது! முதலில் கத்துவது சசிதான். பெஞ்சு பின்னால் சாய்கிறது. சுதர்ஷினி பென்சிலை எடுக்கிறாள். "இவனுக்கு இன்னும் பேரே வைக்கல. சொல்லுங்க, சீக்கிரம்!"