யாரைக் கேட்டு வெட்டினாள்?

வேலை முடிந்து வந்து காரை விட்டு இறங்கிய அன்புராசா கார்க் கதவைச் சாத்தவும் மறந்தான். வீட்டு முன்றலில் அவன் மனைவி எமில்டா மரம் அறுக்கிற கைவாளோடு குந்தியிருந்து யப்பான் மேப்பிளை அறுத்துக்கொண்டிருந்தாள். கொப்பெல்லாம் நிலத்தைப் பார்த்துத் தொங்குகிற சிவப்பு மரம். அவர்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் அந்தத் தெருவால் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஏழு வருசமாகத் தம்பி கிளிபோட்டைப் போனில் கேட்காமல் அவள் அந்த மரத்தில் ஒரு கொப்பிலும் கைவைத்ததில்லை. மன்னாரில் ஒட்டு மாங்கன்று கட்டி விற்றவன் கிளிபோட். மேப்பிளைக் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் ஒட்டுமரம் எங்கேயும் ஒட்டுமரம்தான் என்று அங்கிருந்தே அதிகாரம் பண்ணுவான். ஏப்ரலில் வன்னிக்குள் சண்டைக்கு நடுவில் இருந்து ஒருதடவை போன் எடுத்தான். சண்டை முடிந்து மூன்று கிழமை ஆகியும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வாசற்படியில், கோயிலில் பழக்கமான வேரோனிக்கா அன்ரி வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு பூசையில் சண்டையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கப்போகிறார்கள். கிளிபோட்டின் பெயரையும் அன்ரி கொடுத்துவிட்டார். எமில்டாவைக் கேட்கவில்லை, அன்புராசாவைக் கேட்டார், அந்த மனுசனும் தலையாட்டிவிட்டான். அன்ரி வந்து சொல்லித்தான் இன்றைக்கு எமில்டாவுக்கே அது தெரியும். ஆட்டின தலையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பாவம், இனிக் கேட்க ஆளில்லை என்றுதான் மரத்தையே வெட்டுகிறாள் என்று அன்ரி அவன் காதுக்குள் சொன்னார். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

"அழுது ஆறவேணும் பிள்ளை. பேரை வாசிக்கட்டும்," என்றார் எமில்டாவைப் பார்த்து.

"வாசிக்க விடமாட்டன். நடுக்கோயிலுக்க எழும்பி நிண்டு ஃபாதரை மறிப்பன்."

எமில்டா நிமிரவில்லை. ஒட்டுக்கு மேலே நாலு விரல் அளந்து, சரிவாக அறுத்தாள். பனியில் பட்டுப்போன ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மற்றப் பக்கம் முழுக்கச் சிவப்புத் துளிர் விட்டிருந்ததை அன்புராசா அப்போதுதான் கண்டான்.

அன்ரி பெருமூச்சோடு எழுந்தார். செத்தவீட்டில் யாரும் போயிட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். எமில்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாளும் கையுமாக ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, அன்ரி. இது செத்தவீடில்லை."

அன்ரி அன்புராசாவைப் பார்த்தார். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவனுக்கே பயம் பிடித்துவிட்டது. மெல்லப் போய் வாளை வாங்கினான்.

"ஆரைக் கேட்டு மரத்தை வெட்டினனீர், எமில்டா?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லை. நான் கிளிபோட்டைக் கேட்டுத்தான் வெட்டினனான். காலமை அகதிக் காம்பில இருந்து போன் எடுத்தவன்."