பூட்டுப் போட்ட லேப்டாப்

"ஸ்கூல் குடுத்த லேப்டாப்ல பழைய கேமை ஓட்டுற எமுலேட்டரை ஏத்தி, திருட்டு வீடியோ கேம் ஆடியிருக்கா உங்க பொண்ணு! நான் போட்ட அத்தனை பூட்டையும் மீறி!" கம்ப்யூட்டர் சார் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

அம்மா திரையை எட்டிப் பார்த்தாள். "அட, இது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல உருவாக்கின கேம் சார்!"

சாருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "பாருங்க, உங்க உழைப்பையே எவனோ திருடியிருக்கான். அவனைச் சும்மா விடலாமா?"

"விடவே கூடாது. யாருடி குடுத்தா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த லேப்டாப்ல சாரோட பென் டிரைவைத் தவிர வேற எதுவும் வேலை செய்யாதும்மா. பாடம் ஏத்திக்கன்னு குடுத்தாரு. கூடவே இதுவும் இருந்துச்சு."

சார் அவசரமாக லேப்டாப்பை மூடப் பார்த்தார்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எந்த லெவல் வரைக்கும் வந்திருக்கீங்க சார்?"